'க' ஒரு கூட்டல் குறி

நான்கு வருடம் கீழடி அகழாய்வுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், இங்கே முகநூலில், ஒருமுறை கல்யாணப் பந்தியில்கூட. தமிழ் எவ்வளவு பழையது, எழுத்து எங்கிருந்து வந்தது, பானை ஓடுகளிலும் பாறைகளிலும் இருக்கும் அந்தப் பழைய எழுத்தைத் 'தமிழி' என்பதா 'தமிழ் பிராமி' என்பதா. எதிரில் பெரும்பாலும் என் சித்தப்பாதான். கடைசியில் ஆறு மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை.

போன வருடம் என் மகள் என் போனில் ஒரு கீழடிப் பானை ஓட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என்னப்பா எழுதியிருக்கு?" என்றாள். "ஆதன்" என்றேன். "இதுல எது ஆ, எது த?" என்றாள். எத்தனையோ பேருக்கு நான் அனுப்பிய படம் அது. பதில் சொல்லத் தெரியவில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

அன்று இரவே அந்தப் பழைய எழுத்தின் அட்டவணை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'க' வெறும் கூட்டல் குறி. 'ர' ஒரு நேர்கோடு. 'ப' இன்றைய ப-வுக்கு ரொம்பப் பக்கம். மூன்று வாரத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்க வந்தது. அப்புறம்தான் சுவாரசியமே. இன்று 'க' என்று எழுதினால் அதற்குள்ளேயே அகரம் இருக்கிறது. அதை நீக்கத்தான் புள்ளி வைக்கிறோம். மதுரைப் பக்கத்து மாங்குளம் கல்வெட்டுகளில் இது தலைகீழ். குறி இல்லாத எழுத்து மெய். அகரம் வேண்டுமென்றால் மேலே ஒரு சிறு கோடு. அதே கோடு ஆகாரத்துக்கும் வரும், இடம் பார்த்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாங்குளம் கல்வெட்டுகளை ராபர்ட் சீவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டறிந்தது 1882-இல். இது தமிழ்தான் என்று கல்வெட்டு அறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் விளக்கியது 1924-இல். ழ, ள, ற, ன என்ற நம் எழுத்துகளை அடையாளம் கண்டதுதான் திறவுகோல். அவற்றில் வரும் நெடுஞ்செழியன் என்ற பாண்டியனின் பெயரை 1960-களில் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் தெளிவாகப் படித்தார். கல்வெட்டுகளைத் தேடிக் குகை குகையாக ஏறி இறங்கிய அவருடைய பெருநூல் வந்தது 2003-இல். அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கண் கலங்குகிறது. நாங்கள் ஒரு மதியத்தில் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.

மாங்குளத்தின் முதல் கல்வெட்டு, கணி நந்தன் என்ற சமணத் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி பள்ளி, அதாவது துறவிகள் தங்கும் இடம், அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறது. பாண்டியன் பெயர், சமணத் துறவி, தமிழ் வாக்கியம், நடுவில் 'தம்மம்' என்று வட இந்தியப் பழைய மொழியான பிராகிருதத்தின் சொல், எல்லாம் ஒரே வரியில். நான் போட்ட சண்டையில் இந்த வரிக்கு இடமே இல்லை, சித்தப்பா போட்டதிலும் இல்லை.

எதற்குமே வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சாதியின் பேரால் ஒருவனை அடித்தால் பேசுவேன், அது ஆள் உயிர் சம்பந்தப்பட்டது. ஆனால் யார் பாட்டன் பெரியவன் என்ற வழக்குக்கு இனி என் இரவுகளைக் கொடுக்க மாட்டேன். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேண்டும். இன்னும் கரூர்ப் பக்கத்துப் புகளூர்க் கல்வெட்டு பாக்கி, அதில் மூன்று தலைமுறைச் சேரர்கள் காத்திருக்கிறார்கள்.

போன மாதம் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "மாங்குளம் போறேன், வர்றீங்களா சித்தப்பா?" கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "மலை ஏற என்னால முடியுமாடா?" என்றார். வந்தார். மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். குகைக்குள் பாறையில் செதுக்கிய படுக்கைகள், குகை வாயிலுக்கு மேலே மழைநீர் உள்ளே வராமல் வழிய வெட்டிய காடி. எழுத்தைக் காட்டி, "கூட்டல் குறி எங்கெல்லாம் இருக்குன்னு பாருங்க" என்றேன். ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் இருப்பது ட, அடுத்தது ல் என்று சொல்லிக் கொடுத்தேன். "க… ட… ல்… அ… ன்" என்று விரலை அந்தரத்தில் நகர்த்திக்கொண்டே படித்தார். "கடலன்!" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரியின் முதல் எழுத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.