டபுள் ரோட்டின் இன்னொரு பெயர்

பெங்களூரில் சாந்திநகர் பஸ் நிலையம் பக்கம் போகிறவர்களுக்கு டபுள் ரோடு தெரியும். பலகையில் கே.எச். ரோடு என்று இருக்கும். ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டு, "டபுள் ரோடா சார்?" என்பார். போன வாரம் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த மகள் கேட்டாள், "கே.எச்.னா யாருப்பா?" "சட்டசபை இருக்கே விதான சௌதா, அதைக் கட்டினவர்மா" என்றேன். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அதற்கு மேல் ஒரு வரி சொல்லத் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அப்புறம்தான் தேடிப் படித்தேன்.

கெங்கல் ஹனுமந்தையா, 1908இல் ராமநகரம் பக்கம் பிறந்தவர். வக்கீல், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர், அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். கெங்கல் என்பது அந்தப் பக்கத்து ஆஞ்சநேயர் கோயில் ஊர். நம் சேரி கன்னடத்தில் கேரி ஆகிறதல்லவா, அந்தக் கணக்கில் கெங்கல் நம் செங்கல், அதாவது சிவந்த கல். பெயரிலேயே கல்லை வைத்திருந்தவர் கல் கட்டடத்தில் போய் மாட்டிக்கொண்டார்.

அந்தக் கட்டடக் கதை பலருக்கும் தெரியும். 1951 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டியபோது அன்றைய மைசூர் மாநில முதல்வர் கே.சி. ரெட்டி, திட்டமும் எளிமையானதுதான். 1952இல் முதல்வரான ஹனுமந்தையா அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கோபுரமும் தூணுமாகத் திராவிடப் பாணியில் பிரம்மாண்டமாகக் கட்டச் சொன்னார். தலைமைப் பொறியாளர் பி.ஆர். மாணிக்கம். (பெயரைக் கேட்டதும் "நம்மாளா?" என்று கேட்காத பெங்களூர்த் தமிழன் உண்டா?) செலவு சுமார் 1.75 கோடி. ஊதாரித்தனம் என்று விசாரணை வரை போனது. அந்தக் காலத்து ஏழை நாட்டில் அது நியாயமான கேள்விதான் என்பேன்.

என்னை உட்கார வைத்தது கட்டடம் இல்லை, அவர் போட்ட இன்னொரு கணக்கு. கன்னடம் பேசும் பகுதிகள் அப்போது பம்பாய், ஹைதராபாத், மதராஸ், குடகு என்று சிதறிக் கிடந்தன. நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால்கூட அதில் ஒன்று. எல்லாவற்றையும் மைசூர் மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்றபோது பழைய மைசூரிலேயே பலருக்கு விருப்பமில்லை. வடக்கு மாவட்டங்கள் வறண்டவை, நம் காசில் அவர்களை ஏன் தூக்கிச் சுமக்க வேண்டும் என்பது ஒரு பேச்சு. வாய்விட்டுச் சொல்லாத பயம் வேறு: பழைய மைசூரில் ஒக்கலிகர் ஜாதியின் கை ஓங்கியிருந்தது, வடக்கு சேர்ந்தால் லிங்காயத்து ஜாதியினர் மிஞ்சிவிடுவார்கள். ஹனுமந்தையா ஒக்கலிகர். சேராமல் இருந்தால் லாபம் அவருக்குத்தான். அவரோ சேர்த்தே ஆக வேண்டும் என்று நின்றார்.

பலன்? 1956 ஆகஸ்டில் சொந்தக் கட்சிக்காரர்களே நம்பிக்கையில்லை என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். கட்டடச் செலவும் அவருடைய பிடிவாதமும் அதற்குக் காரணங்கள். ஆள் ஒன்றும் சாது இல்லை. இரண்டரை மாதம் கழித்து, நவம்பர் 1 அன்று ஒன்றான மாநிலத்துக்கு (அதுதான் இன்றைய கர்நாடகம்) முதல்வராக உட்கார்ந்தவர் நிஜலிங்கப்பா. பந்தி போட்டவருக்கு இலை இல்லை.

இதை நண்பரிடம் சொன்னபோது, "எங்க காமராஜரோட எல்லாம் ஒப்பிடாதே" என்று சண்டைக்கு வந்தார். சரி, காமராஜர் 1963இல் தானாக இறங்கினார், இவரை இறக்கினார்கள். ஆனால் தன் ஜாதிக் கணக்குக்கு எதிராகத் தானே கை தூக்கிய முதல்வர்கள் எத்தனை பேர்? இன்றைக்கு ஒரு வார்டு கவுன்சிலரை அப்படிச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அவரோடு ஒத்துப்போகவில்லை. விதான சௌதா முகப்பில் 'அரசாங்கப் பணி ஆண்டவன் பணி' என்று கன்னடத்தில் எழுதியிருக்கிறது. ஒரு பட்டா மாற்றத்துக்காக எட்டு மாதம் ஓர் அலுவலகத்துக்கு நடந்தவன் நான். ஆண்டவன் பணி என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்க முடியுமா? காத்திருக்க வேண்டியதுதான். வேடிக்கை என்னவென்றால், 1967இல் மத்திய நிர்வாகச் சீர்திருத்தக் கமிஷனுக்குத் தலைவராகி, அரசாங்கப் பணியை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று அறிக்கை மேல் அறிக்கை கொடுத்ததும் இவரேதான். பெங்களூர் எம்.பி.யாக மூன்று முறை ஜெயித்து, ரயில்வே அமைச்சராகவும் இருந்து, 1977இல் இதே ஊரில் தோற்றார். 1980இல் மறைந்தார்.

நவம்பர் 1, மாநிலம் ஒன்றான நாளைக் கொண்டாடும் ராஜ்யோத்சவத்துக்கு எங்கள் குடியிருப்பில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கொள்ளேகாலில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.