ரொனால்ட் டோரை 'ஜப்பான் பைத்தியம்' என்றவர்களுக்கு

நேற்று எங்கள் பேச்சில் டோரை ஒருவர் 'ஜப்பான் பைத்தியம்' என்றார். அந்த ஒரு சொல்தான் இரவு நித்திரை கொள்ள விடவில்லை. பைத்தியமாம். பிரித்தானியச் சமூகவியலாளர் ரொனால்ட் டோர் ஜப்பானைத் தலையில் தூக்கிவைத்து ஆடிய வெள்ளைக்காரராம். அவருடைய ஒரு புத்தகத்தையாவது விரித்துப் பார்த்தவர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

அவர் ஜப்பானிய மொழியைப் படிக்கத் தொடங்கியதே 1942இல், யுத்தத் தேவைக்காக. எதிரியின் மொழியாகக் கற்றார். யுத்தம் முடிந்தபிறகு டோக்கியோவின் ஒரு குடியிருப்பில் வீடு வீடாக ஏறி இறங்கி, குடும்பத்தின் வரவுசெலவு, பிள்ளைகளின் படிப்பு, அயலவர் உறவு, வீட்டுச் சாமிமாடம் வரை கேட்டு எழுதினார். 1958இல் அது புத்தகமானது. ஒரு ஊரைப் பிடித்துப்போனால் அதன் மொழியில் அங்குள்ள மனிதரோடு இருந்து பேசவேண்டும். அவர் பேசினார். இதற்குப் பெயர் பைத்தியமா?

1973இல் வந்த புத்தகத்தில் ஜப்பானின் ஹிட்டாச்சி தொழிற்சாலைகளையும் இங்கிலாந்தின் இங்கிலிஷ் எலெக்ட்ரிக் தொழிற்சாலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஹிட்டாச்சியில் அப்போது வயதோடும் சேவைக்காலத்தோடும் சம்பளம் ஏறியது, தொழிற்சங்கம் கம்பனிக்குள்ளேயே இருந்தது. 'ஜப்பானியர் இரத்தத்திலேயே ஒழுக்கம்' என்று அவர் கதை விடவில்லை. பிந்தித் தொழில்மயமான நாடு, முந்திப் போனவர்களைப் பார்த்துத் தன் முறையைக் கட்டிக்கொண்டது என்று காரணம் தேடினார்.

"பெரிய கம்பனியின் நிரந்தர ஆண் தொழிலாளி மட்டும்தானே அந்த முறையில் இருக்கிறான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அதைப் பேசலாம். "வெள்ளைக்காரன் சொல்லி நாங்கள் ஏன் கேட்கவேண்டும்?" என்றும் ஒருவர். அவருக்கு என்னிடம் பதில் இல்லை, கோபம்தான் இருக்கிறது.

ஏனென்றால் 1976இல் வந்த அவருடைய 'டிப்ளோமா டிசீஸ்' (சான்றிதழ் நோய்) புத்தகத்தில் எங்கள் இலங்கையும் இருக்கிறது. பிந்தி வளரும் நாடுகளில் சான்றிதழ்ப் பசி இன்னும் கடுமையாகும், ஒரே வேலைக்குக் கேட்கும் தகுதி ஏறிக்கொண்டே போகும் என்று எழுதினார். என் மாமா சாதாரணதரப் பெறுபேற்றோடு லிகிதர் ஆனவர். அதே மாதிரி வேலைக்கு நான் பட்டத்தோடு நேர்முகத்துக்குப் போனேன். பிளாஸ்டிக் உறை போட்ட பைலை எதிரில் இருந்தவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கடைசி உறை வெறுமையாக இருந்தது. அதில் விரலை வைத்து, "வேறொன்றும் இல்லையா?" என்றார். எனக்கு என்ன தெரியும் என்று ஒரு கேள்விகூட இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பேசாமல் படுத்துவிட்டேன். அந்த அவமானத்துக்குப் பெயர் வைத்துத் தந்தவர் டோர். அவரைத்தான் நேற்று ஒரு சொல்லில் தூக்கி எறிந்தீர்கள்.

அதே புத்தகத்தில் ஜப்பானின் பரீட்சை வெறியையும் அவர் விட்டுவைக்கவில்லை. தொண்ணூறை நெருங்கும் வயதில், 2014இல், ஜப்பானிய மொழியிலேயே 'கென்மெட்சு' என்று ஒரு நூல் எழுதினார். மாயை கலைந்த ஏமாற்றம் என்று பொருள். தான் நேசித்த நாடு அமெரிக்க வழியில் போவதைப் பார்த்து வந்த வருத்தம் அது. கண்மூடி ஆடியவர் இதை எழுதுவாரா? ஆயுள் முழுக்க நேசித்தவரால்தான் அந்தத் தலைப்பை வைக்க முடியும்.

இலங்கை பற்றிய அத்தியாயத்தின் போட்டோகொப்பி என்னிடம் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சொன்னவர் வீட்டுக்கு வரட்டும், தருகிறேன். வாசித்துவிட்டுத் திட்டட்டும்.