கறுத்த காசு அலுத்துப்போச்சாம்!

காசு சேர்க்கிற ஆக்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில ஒருத்தர் எழுதியிருக்கிறார்: "இந்தக் கறுத்த செப்புக்காசுப் படங்களைப் போடுறதை நிப்பாட்டுங்கோ. பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு. வெள்ளி இருந்தாப் போடுங்கோ, ஞாபகார்த்தக் காசு இருந்தாப் போடுங்கோ." அதுக்குக் கீழ வரிசையாப் பெருவிரல். பெருவிரல் போட்டவையில முக்கால்வாசிப் பேர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆக்கள். கொழும்பில இருக்கிறவன் சொன்னாலும் பரவாயில்லை. வன்னி மண்ணில கால் வச்சு நிண்டுகொண்டு வன்னி மண்ணுக்குள்ள இருந்து வாற காசு அலுப்பாம். எனக்கு வயிறு பத்தி எரியுது.

உங்களுக்கு எது பிடிக்குது எண்டு எனக்குத் தெரியும். 1957இல பௌத்த ஜெயந்திக்கு அடிச்ச வெள்ளி அஞ்சு ரூபா. மத்திய வங்கி பெட்டியில போட்டு விக்கிற காசு. சேருங்கோ, வேண்டாம் எண்டு ஆர் சொன்னது? 2013ஆம் ஆண்டு போட்டு 25 மாவட்டத்துக்கும் வந்த பத்து ரூபாயில வன்னி மாவட்டக் காசு கடையில மிச்சக் காசா வந்தால் நானும் எடுத்து வைப்பன், அது நாலு கை மாறின காசு. ஆனால் பெட்டிக்குள்ளயே பிறந்து பெட்டிக்குள்ளயே கிடக்கிற காசால ஒருத்தர் ஒரு கூறு மீன் வாங்கியிருப்பாரோ? ஒரு முழத் துணி வாங்கியிருப்பாரோ? சேர்க்கிறவனுக்கெண்டே அடிச்ச காசைச் சேர்க்கிறதில என்ன தேடல் இருக்கு? காசைக் குடுத்தா வந்திடும், அவ்வளவுதான். அது சுவாரசியம், யாழ்ப்பாணத்து அரசர்மார் அடிச்ச சேது காசு அலுப்பு. எந்த ஊர் நியாயம் இது?

ஒட்டுசுட்டான் பக்கத்துப் பள்ளிக்கூடப் பெடியன் ஒருத்தன் காசு ஒண்டைக் கொண்டுவந்து காட்டினவன். தகப்பன் வயல் உழேக்க வெளிய வந்ததாம். சேது காசு. ஒரு பக்கம் நிக்கிற அரசன், பக்கத்தில விளக்கு. மற்றப் பக்கம் படுத்திருக்கிற நந்தி, மேல பிறை, கீழ தமிழில "சேது". யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் அடிச்ச காசு. சேதுகாவலர் எண்டு பட்டம் வச்சிருந்த அந்த அரசு 1619இல போர்த்துக்கேயரிட்ட விழுந்தது. அந்தக் காசு அந்தப் பெடியன்ர உள்ளங்கையில புதுச் செப்புக் குடம் மாதிரி இளஞ்சிவப்பாப் பளபளக்குது. நந்தியின்ர திமில் மட்டும் மிச்சம். "சே" இல்லை. "து" பாதி. பிறை இருந்த இடத்தில ஒரு கீறல். புளியும் சாம்பலும் போட்டுத் தேங்காய்த்தும்பால தேய்ச்சிருக்கிறான். ஏனடா தம்பி எண்டு கேட்டன். "மினுங்கினாத்தான் விலை போகும் எண்டு அந்த மாமா சொன்னவர்." அந்த மாமா எங்கட குழுவில இருக்கிறார். அந்த அலுப்புப் பதிவுக்கும் அவர் பெருவிரல் போட்டிருக்கிறார்.

ஐயா, உங்களுக்கு விளங்கேல்லை எண்டா விளங்கின ஆக்களைக் கேளுங்கோ, சின்னப்பெடியளுக்குப் புத்தி சொல்லப் போகாதேங்கோ. நூற்றாண்டுக் கணக்கா மண்ணுக்குள்ள கிடந்த செம்பு தன்ர மேல்தோலை மண்ணோட சேர்ந்து மாத்திக்கொள்ளும். நீங்கள் ஊத்தை எண்டு சொல்லுற அந்தப் பச்சையும் கறுப்பும்தான் அந்தத் தோல். கனக் காசுகளில எழுத்தும் உருவமும் அந்தத் தோலிலதான் நிக்குது, உள்ளுக்குக் கிடக்கிற உலோகத்தில இல்லை. புளியின்ர அமிலம் முதல்ல தின்னுறது அதைத்தான். பித்தளை மினுக்கிற பிராசோவும் தேசிக்காயும் செய்யிறது அதே வேலைதான். ஒருக்காத் தேய்ச்சால் தேய்ச்சதுதான், எந்தக் கடவுள் வந்தாலும் திருப்பித் தரேலாது. காய்ச்சி வடிச்ச தண்ணியில ஊறப் போட்டு, தண்ணியை மாத்தி மாத்தி, மண் இளகின பிறகு மூங்கில் ஈர்க்கால மெல்ல எடுக்க வேணும். மாதக்கணக்கில போகும். பொறுமை இல்லையெண்டா மண்ணோடயே விடுங்கோ, அதுக்கு ஒண்டும் ஆகாது. கடற்கரைப் பக்கத்துக் காசில வெளிர்பச்சையா மாப்போலப் பொருமி வந்தால் மட்டும் கவனம். அது உப்பு உள்ளுக்குப் போய்ச் செம்பை அரிக்கிற நோய். ஈரம் படாமல், மற்றக் காசுகளோட சேர்க்காமல் வையுங்கோ. மெத்தெண்ட பிவிசி உறை போட்ட மலிவு ஆல்பத்துக்குள்ள செருகாதேங்கோ, அந்த பிளாஸ்டிக்கே காலப்போக்கில காசில பச்சைப் பசையை ஏத்திவிடும். அமிலம் இல்லாத கடதாசி உறை போதும்.

அலுப்பு எண்டு சொல்லுறவைக்கு மன்னார் எவ்வளவு தூரம்? மாந்தை, எங்கட மாதோட்டம், சம்பந்தரும் சுந்தரரும் பாடின திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில. 1980இல தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் அங்க தொடங்கின அகழ்வு 1984ஓட சண்டையால நிண்டு போச்சு. அதுக்குள்ளயே சீனத்துப் பீங்கானும் மேற்காசியா மட்பாண்டமும் வெளிய வந்தது. கப்பல் வந்த இடமெண்டால் காசும் வந்த இடம். நாலாம், அஞ்சாம் நூற்றாண்டு உரோமச் செப்புக்காசு இந்தத் தீவில கும்பல் கும்பலா எடுபட்டிருக்கு, சுண்டுவிரல் நகமளவுதான் இருக்கும். அது போதாமல் வர, அதைப் பார்த்து இங்கேயே அடிச்ச காசும் இருக்கு. உரோமச் சக்கரவர்த்தியின்ர தலையை இங்கத்தைக் கம்மாளன் தன்ர கைக்கு வந்தமாதிரி வெட்டியிருக்கிறான். அதைக் கையில வச்சுப் பார்க்கிறவனுக்கு அலுப்பு வருமோ?

லட்சுமித் தகடு எண்ட பழங்காசு நீள்சதுரம். ஒரு பக்கம் லட்சுமி, ரெண்டு பக்கமும் யானை தண்ணி ஊத்துது. மறுபக்கம் சுவஸ்திகம். வட்டமா இல்லாததால அதைக் காசெண்டே சனத்துக்குத் தெரியிறேல்லை. செய்வினைத் தகடு எண்டு பயந்து குளத்துக்குள்ள எறிஞ்சவையும் இருக்கினம். அவையை நான் குறை சொல்லமாட்டன், அவைக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. சொல்லிக் குடுக்க வேண்டிய நாங்கள் ‘வெள்ளி இருக்கோ’ எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறம்.

இன்னொரு கூட்டம் இருக்கு. பராக்கிரமபாகு காசைக் காட்டினால் "அது சிங்கள அரசன்ர காசு, எங்களுக்கு எதுக்கு" எண்டு கையைத் தட்டி விடுவினம். இவை ராஜராஜசோழன்ர செப்புக்காசை ஒருக்காவாவது பக்கத்தில வச்சுப் பார்த்திருக்கினமோ? ஒரு பக்கம் நிக்கிற ஆள், மறுபக்கம் குந்தியிருக்கிற ஆள், பக்கத்தில நாகரி எழுத்து. பொலன்னறுவை அரசர்மார் அந்த அச்சைத்தான் அப்பிடியே எடுத்துத் தங்கட பேரைப் போட்டவை. மூண்டு தரம் அரசு கட்டில் ஏறின லீலாவதி எண்ட பெண்ணின்ர பேரிலயும் அதே அச்சில காசு இருக்கு. இதையெல்லாம் ‘எங்கட, உங்கட’ எண்டு பிரிச்சு எறிஞ்சிட்டு, பிறகு வரலாறு இல்லை, ஆதாரம் இல்லை எண்டு மேடையில கத்துறது.

ஒல்லாந்தக் கம்பனிச் சல்லிக்காசு இன்னும் பாவம். "அது எங்கயும் கிடக்கும், விலை இல்லை." 1726இல இருந்து நெதர்லாந்தில அடிச்சுக் கப்பலில ஏத்தின காசு. ஒரு பக்கம் கம்பனிப் பேரின்ர வி, ஓ, சி மூண்டெழுத்தும் ஒண்டோடொண்டு பின்னிக் கிடக்கும். மறுபக்கக் கேடயத்தைப் பார்த்தால் எந்த மாகாணத்துக் காசு எண்டு சொல்லலாம். தண்ணிக்குள்ள இருந்து எழும்புற சிங்கமெண்டால் சீலாந்து. அந்தக் காசு முல்லைத்தீவுக் கோட்டைப் பக்கத்து மணலுக்குள்ள என்னெண்டு வந்தது, ஆரின்ர மடியில இருந்தது எண்டு யோசிக்கிறவனுக்கு ராவில நித்திரை வராது. இங்கேயே அடிச்ச தடிச்ச துட்டுகளும் இருக்கு. கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை எண்டு ஊரைக் காட்டிற ஒற்றை எழுத்தோட. விலை இல்லையாம்!

அலுமினியச் சதங்களைப் பற்றி மட்டும் எனக்கும் சொல்ல ஒண்டுமில்லை. அதைச் சேர்க்கிறவை சேர்க்கட்டும்.

இவ்வளவுக்கும் அடியில கிடக்கிற அநியாயம் வேற. காசு எந்த ஊரில, எந்தக் காணியில, எவ்வளவு ஆழத்தில கிடந்தது எண்டு ஆரும் எழுதிறேல்லை. ‘பழைய காசு லட்சக்கணக்கில போகும்’ எண்டு யூடியூப்பில ஒருத்தன் சொன்னான் எண்டு சனம் பொறுக்கி எடுக்குது. வியாபாரி வந்து கிண்ணியில அள்ளி எல்லாத்தையும் ஒண்டாக் கொட்டுறான். பூநகரிக் காசும் நெடுங்கேணிக் காசும் ஒரே பையுக்குள்ள. லீவில வாற வெளிநாட்டு அண்ணைமார் நினைவுக்கெண்டு ஒரு பிடி வாங்கிக்கொண்டு போகினம். ஊர் தெரியாத சேது காசு வெறும் செம்புத் துண்டு. ஊர் தெரிஞ்சால், ஆரியச்சக்கரவர்த்தியின்ர காசு எந்தக் குளத்தடிவரைக்கும் புழங்கினது எண்டதுக்கு அது ஒரு புள்ளி.

சட்டம் இருக்கெண்டு எனக்கும் தெரியும். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2க்கு முந்தினது எல்லாம் தொல்பொருள், அனுமதி இல்லாமல் தோண்டக்கூடாது, வெளிய கொண்டு போகக்கூடாது, எடுபட்டால் அறிவிக்க வேணும். அறிவியுங்கோ எண்டுதான் நானும் சொல்லுறன். ஆனால் அறிவிச்சால் காணிக்குள்ள கயிறு கட்டி எல்லைக்கல்லு நட்டுப் போடுவினம் எண்டு சனம் பயப்பிடுது. பரம்பரைக் காணிக்குள்ளயே கால் வைக்கேலாமல் போன ஆக்களைப் பார்த்து வந்த பயம் அது. அந்தப் பயத்தைத் தீர்க்காமல் சட்டப் பிரிவை மட்டும் வாசிச்சுக் காட்டுறதில என்ன பிரயோசனம்? அந்தப் பயத்தில ஒரு தகப்பன் காசை ஒளிக்கிறார். ஒளிச்சது வியாபாரியிட்டப் போகுது. ராவில ஸ்கானரோட புதையல் தோண்டிறவனுக்கு மட்டும் ஒரு பயமும் இல்லை.

ஊர்ப் பேரைக் குழுவில போடாதேங்கோ. போட்டால் அடுத்த கிழமை அந்தக் காணியில கிடங்கு கிடக்கும். கொப்பியில எழுதுங்கோ. திகதி, ஊர், எந்த வயல், எந்தக் குளத்தின்ர எந்தப் பக்கம், ஆர் எடுத்தது. கடதாசி உறையில காசின்ர நிறையை எழுதி அதே இலக்கத்தைக் கொப்பியிலயும் போடுங்கோ. இது ஒரு பெரிய வேலையே? வெள்ளிக் காசு என்ன விலை எண்டு விடிய விடிய விசாரிக்க நேரம் இருக்கெல்லோ.

அந்தப் பெடியன்ர காசுக்கு நான் இருந்து எழுதின துண்டு இருக்கு. அறிவிக்கிறதுக்குத் தகப்பனோட கச்சேரிவரைக்கும் நானும் வாறன் எண்டு சொல்லியிருக்கிறன், அவர் யோசிச்சுச் சொல்லுறன் எண்டிருக்கிறார். குழுவை விட்டு நான் போகப்போறேல்லை. நாளைக்குக் காலமையும் கறுத்த காசுப் படம்தான் வரும், தேய்க்காத காசு. அந்த மாமாவும் பார்க்கட்டும்.