மேல்தோற்றத்தை ஏன் கீழே வரைகிறோம்?

பொறியியல் முதலாம் ஆண்டில் நான் வாங்கிய ஒரே அரியர், பொறியியல் வரைபடப் பாடத்தில் வாங்கியதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்த எனக்கு, ஒரு மரக்கட்டையின் முன்தோற்றத்தையும் மேல்தோற்றத்தையும் வரையச் சொன்னபோது கை ஓடவில்லை. மேல்தோற்றத்தைத் தாளில் கீழே வரைய வேண்டும் என்றார் ஆசிரியர். மேலிருந்து பார்ப்பதை ஏன் கீழே வரைய வேண்டும் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. அது விதி என்று குறித்துக்கொண்டோம்.

அதற்கான விடை, அரியருக்குப் படித்துக்கொண்டிருந்த விடுமுறையில், எங்கள் ஊர் லேத் பட்டறையில் கிடைத்தது. ஐடிஐ படித்துவிட்டு அங்கே வேலை பார்த்த அண்ணன் ஒருவர், ஒரு நோட்டைப் பாதி திறந்து, ஓர் அட்டை சுவர்போல நிற்க, மற்றொன்று தரைபோலக் கிடக்கும்படி வைத்தார். துணி சோப்புக் கட்டியின் ஒரு மூலையைக் கத்தியால் படிபோல வெட்டியெடுத்துவிட்டு, அதைத் தரை அட்டைமேல் நிறுத்தினார். "முன்னால நின்னு பாரு தம்பி, பின்னால சுவத்துல என்ன விழும்? மேல இருந்து பாரு, தரையில என்ன விழும்?" என்று கேட்டு, இரண்டையும் அந்தந்த அட்டையிலேயே வரையச் சொன்னார். பிறகு சோப்பை எடுத்துவிட்டு நோட்டைத் தட்டையாக விரித்தார். சுவரில் இருந்த படத்துக்கு நேர் கீழே தரையில் இருந்த படம் வந்து நின்றது. இந்தியாவில் நாம் பின்பற்றும் முதற்கோண முறை முழுவதும் அந்த நோட்டுக்குள் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் புரியக்கூடிய இதை, பதினெட்டு வயதில், அதுவும் தோற்ற பிறகு நான் கற்றேன் என்பது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

நம் பாடத்திட்டத்தில் வரைதலே இல்லை என்று சொல்ல மாட்டேன். பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் செய்முறை வடிவியலுக்கு 8 மதிப்பெண் உண்டு. ஆனால் வடிவொத்த முக்கோணத்தையும் வட்டத்தின் தொடுகோட்டையும் படிகளை மனப்பாடம் செய்து வரைந்தாலே அந்த மதிப்பெண் வந்துவிடுகிறது. கையில் இருக்கும் ஒரு பொருளைத் தாளுக்குக் கொண்டுவரவோ, தாளில் இருப்பதைப் பொருளாக மனத்தில் நிறுத்தவோ அங்கே பயிற்சி இல்லை. சிபிஎஸ்இ மேல்நிலையில் பொறியியல் வரைபடம் ஒரு விருப்பப் பாடமாகவாவது இருக்கிறது. அம்பத்தூரிலும் ஓசூரிலும் கோவையிலும் உள்ள சிறு பட்டறைகளுக்கு வேலையே வரைபடமாகத்தான் வருகிறது. மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்கு மேலேயே வரைவது அமெரிக்காவில் வழங்கும் மூன்றாங்கோண முறை; அந்த முறையில் வந்த படத்தை நம் முறை என்று நினைத்துப் படித்தால், துளை எதிர்ப்பக்கத்தில் விழுந்து, உருவாக்கிய பாகம் பழைய இரும்புக்குத்தான் போகும்.

இந்தத் திறன் பொறியாளருக்கு மட்டும் உரியது என்ற எண்ணமும் தவறு. என் அம்மா தையல் வேலை செய்தவர். கைக்குழலுக்குத் துணி வெட்டும்போது, தோள்பக்கம் மேடும் பள்ளமுமாக ஒரு வளைவு வரைவார். அந்தத் தட்டைத் துணி சுருண்டு தோளில் பொருந்தும். பொறியியல் முதலாம் ஆண்டில் பரப்பு விரிப்பு என்று ஓர் அலகாகப் படிப்பது இதே கணக்கைத்தான். தகரப் புனல் செய்பவரும் அதைத்தான் செய்கிறார்.

வடிவமைப்புக்கு வருகிறேன். பிள்ளைகளை நேராகக் கணினியில் உட்காரவைத்து மென்பொருளைக் கற்றுக்கொடுத்தால் போதும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ்களில் அடிக்கடி பார்க்கிறேன்: இடத்தை நிரப்புவதற்காகத் தலைப்பைப் பக்கவாட்டில் இழுத்திருப்பார்கள், செங்குத்துக் கோடுகள் தடித்தும் கிடைக்கோடுகள் மெலிந்தும் எழுத்தின் உருவம் கெட்டிருக்கும். வரிகளை நெருக்கியதில் மேல்வரியின் 'கு', 'மு' கீழ்ச்சுழிகள் அடுத்த வரியின் 'கீ', 'வீ' மேல்சுழிகளோடு மோதிக்கொண்டிருக்கும். கட்டம் போட்ட தாளில் நான்கு வாரம் கையால் எழுத்து வரைந்த பிள்ளை இந்தத் தவறைச் செய்யாது. 210 மில்லிமீட்டருக்கு 297 மில்லிமீட்டர் உள்ள ஏ4 தாளை இரண்டாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாமல் இருப்பது ஏன் என்று அளந்து பார்த்தால், ஒன்பதாம் வகுப்பின் √2 கைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு படம் வரைய இன்க்ஸ்கேப், பொருள்களை வடிவமைக்க ஃப்ரீகேட் போன்ற கட்டணமில்லா மென்பொருள்களைத் தரலாம். அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் கணினிகள் இருக்கின்றன.

ஆசிரியர்தான் முதல் தேவை. 2012-இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஓவியம், தையல், உடற்கல்வி போன்றவற்றுக்கு 16,000-க்கும் மேற்பட்டோரைப் பகுதிநேரமாக, மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தினார்கள். ஒரு பாடத்தை எவ்வளவு மதிக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் அந்த ஆசிரியரை நாம் நடத்தும் விதத்திலிருந்தே தெரிந்துகொள்கிறார்கள். முழுநேர ஓவிய ஆசிரியரை நியமித்து, அவருக்கு அருகிலுள்ள ஐடிஐயில் வரைபடப் பயிற்சி அளித்து, எட்டாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு இரண்டு பாடவேளைகள் ஒதுக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் எழுதிக் கொடுக்கப்போகிறேன். தேர்வு நெருங்கும் மாதங்களிலும் அந்தப் பாடவேளைகளைக் கணக்குக்கோ அறிவியலுக்கோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் அதில் சேர்த்திருக்கிறேன்.