பழைய மருந்துன்னா கேவலமா?

நேத்து குழுவில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீங்க. நாடாப்புழுவுக்குக் கொடுக்கிற நிக்லோசமைடை, உடம்புக்குள்ளே விடுற குழாயில் பூசிக் கிருமிப் படலத்தைத் தடுக்கப் பார்க்கிறாங்கன்னு நான் போட்ட செய்திக்குக் கீழே, "பூச்சி மாத்திரையை வச்சு ஏமாத்துறானுங்க"ன்னு ஒரு அண்ணன் எழுத, அதுக்கு வரிசையா சிரிப்புக்குறி. ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

அம்மாவுக்கு எட்டு மாசம் யூரின் ட்யூப் இருந்துச்சு. சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் பையைக் காலி பண்றது நான்தான். ஒருநாள் சொட்டுகூட இறங்கலை. நர்ஸ் வந்து உருவினப்போ ட்யூப் நுனியில் மணல் மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்துச்சு, உள்பக்கம் கஞ்சி வழுவழுப்பு. படலம்னா அதுதான். கிருமிங்க சுவரில் ஒட்டி, தானே கோழையைச் சுரந்து அதுக்குள்ளே குடியேறிடும். வெளியே மிதக்கிற கிருமியைக் கொல்ற அளவைவிட ஆயிரம் மடங்கு மருந்தைக்கூட உள்ளே இருக்கிறது தாங்கும்ங்கிறாங்க. அம்மாவுக்கு வந்தது கிளெப்சியெல்லாங்கிற கிருமி. ரிப்போர்ட்டில் மருந்துப் பேருக்குப் பக்கத்தில் ஆர், ஆர், ஆர்னு இறங்கிக்கிட்டே போச்சு. எதுக்கும் மசியாதுன்னு அர்த்தம்.

பழைய மருந்தை வேற வேலைக்கு எடுக்கிறது ஏமாத்து இல்லை. குழந்தைங்க ஊனமாப் பிறந்ததால 1961-இல் ஒதுக்கப்பட்ட தாலிடோமைடுங்கிற தூக்க மருந்தை, 1964-இல் ஜெருசலேமில் ஜேக்கப் ஷெஸ்கின் ஒரு தொழுநோயாளிக்குத் தூக்கத்துக்காகக் கொடுத்தார். புண் ஆறிச்சு. 1998-இல் அமெரிக்காவே அதுக்கு அனுமதி கொடுத்துச்சு. பல வருஷமா மனுஷங்க சாப்பிட்ட மருந்துன்னா, உடம்பை என்ன பண்ணும்னு பாதி தெரிஞ்சிருக்கும். புதுசா ஒண்ணைக் கண்டுபிடிக்கிற வருஷக்கணக்கு மிச்சம்.

"லேபில்தானே வேலை செய்யுது?" ஆமா, லேபில்தான். அதுவும் பெரும்பாலும் ஸ்டேஃபிலோகாக்கஸ்ங்கிற வேற கிருமிமேலதான். கிளெப்சியெல்லாவை நிக்லோசமைடு தனியா ஒண்ணும் பண்ணாது, கோலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கோட சேர்த்தாத்தான் லேபில் பலன். எங்கம்மாவை அது காப்பாத்தியிருக்கும்னு நான் சொல்லவே இல்லை. "கம்பெனி லாபத்துக்கு"ங்கிறீங்க. காப்புரிமை முடிஞ்ச மருந்தில் அப்படி என்ன லாபம்? லாபம் இல்லாததாலதான் கம்பெனிங்க இதை அதிகமா சீந்துறதில்லை.

இன்னொருத்தர், "வயசானவங்களுக்கு ட்யூப் போட்டா இன்ஃபெக்‌ஷன் வரத்தான் செய்யும்"னு எழுதியிருந்தார். அங்கதான் எனக்கு உடைஞ்சுபோச்சு. வரத்தான் செய்யும்னா விட்டுடலாமா? ட்யூப் மாத்துறப்போ எங்கம்மா போர்வையைப் பல்லால கடிச்சுக்கிட்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப்பாங்க, மகன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு. அந்த எட்டு மாசமும் அப்படித்தான்.

அண்ணே, அந்தக் கமெண்டை எடுத்துடுங்க.