ஷ்ரைன் பௌல்: "தலைசிறந்தவர்கள்" என்பது பாதி உண்மை

அமெரிக்காவின் வட, தென் கரோலைனா பள்ளி மாணவர்கள் ஆடும் ஷ்ரைன் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தைப் பற்றி, "1937 முதலே இரு கரோலைனா மாநிலங்களின் தலைசிறந்த பள்ளி வீரர்கள் ஆடிய பந்தயம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு சரி. ஷ்ரைனர் என்ற தொண்டுச் சங்கத்தார் இந்தப் பந்தயத்தை நடத்தி, கிரீன்வில் குழந்தைகள் மருத்துவமனைக்குப் பணம் திரட்டியதும் உண்மை. அந்தத் தொண்டின்மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் 1965 வரை கறுப்பின மாணவர் ஒருவர்கூட அதில் ஆடவில்லை. அந்த ஆண்டு சார்லட் நகரின் மையர்ஸ் பார்க் பள்ளிக்காக வெளுத்துவாங்கிய கறுப்பின மாணவர் ஜிம்மி லீ கிர்க்பாட்ரிக்கையே சேர்க்காமல் விட்டார்கள். அதை எதிர்த்து வழக்கறிஞர் ஜூலியஸ் சேம்பர்ஸ் நீதிமன்றம் போனார். அதே நவம்பரில் அவர் வீடு உட்பட நான்கு கறுப்பினத் தலைவர்களின் வீடுகளில் குண்டு வெடித்தது. 1966இல்தான் கறுப்பின வீரர்கள் களமிறங்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுகளுக்கு "வெள்ளையின மாணவர்களில் தலைசிறந்தவர்கள்" என்று தயவுசெய்து திருத்துங்கள்.