மே 24 வரை பாஸ்கா காலம்தான்

பாஸ்கா (ஈஸ்டர்) காலத்தில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் நடந்த அந்தத் திருமணப் போட்டோவை இந்நேரம் குழுவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எந்தப் பங்குக் கோயில், யார் வீட்டுத் திருமணம் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. மணமக்கள் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. அவர்கள் நன்றாக இருக்கட்டும். என் வருத்தமெல்லாம் அந்தப் போட்டோவில் இல்லாத ஒன்றைப் பற்றித்தான். வாசக மேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய பாஸ்கா திரி (ஈஸ்டர் இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி), வீடியோவில் மறைக்கிறது என்று அலங்காரம் செய்ய வந்தவர்களால் தூக்கப்பட்டு, பூசை உடுப்பு வைக்கும் அறையில் துடைப்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. தடுக்கப் போன, கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைக்குக் கிடைத்த பதில் இது: "அதான் ஈஸ்டர் முடிஞ்சிருச்சுல்லண்ணே, இன்னும் எதுக்கு இதைப் புடிச்சுத் தொங்குறீங்க?"

ஈஸ்டர் முடியவில்லை. இந்த ஆண்டு (2026) ஏப்ரல் 5-ல் தொடங்கியது. மே 24, தூய ஆவியார் பெருவிழா (பெந்தகோஸ்து) அன்றைக்குத்தான் முடியும். ஐம்பது நாள். இந்த ஐம்பது நாளையும் ஒரே விழா நாளாக, ஒரே பெரிய ஞாயிறாகக் கொண்டாடச் சொல்கிறது திருச்சபை. முதல் எட்டு நாளும் ஒவ்வொன்றும் பெருவிழாவுக்குச் சமம். அலங்காரத்துக்கு வந்தவருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டுத் தலையாட்டியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்கள், உறுதிப்பூசுதல் வாங்கியவர்கள், அன்பியக் கூட்டத்தில் (பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக் குழுவில்) செபம் சொல்கிறவர்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெரிய சனி, அதாவது ஈஸ்டருக்கு முந்தைய சனி இரவு என்ன செய்தோம் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கோயில் விளக்கை எல்லாம் அணைத்தோம். வெளியே புதுநெருப்பு மூட்டினோம். குருவானவர் அந்தத் திரியில் சிலுவை கீறி, அகரமும் னகரமும் எழுதி, இந்த ஆண்டின் நான்கு எண்களையும் பதித்தார். ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்தினார். அந்த ஒரு திரியிலிருந்துதான் நம் எல்லார் கையிலும் இருந்த திரிகள் எரிந்தன. பாஸ்கா புகழுரையில் தேனீயின் உழைப்பைக்கூடச் சொல்லிப் பாடினோம். அந்தத் திரி உண்மையான மெழுகால் ஆனதாக இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதியதாக இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்று 1988-ல் வத்திக்கான் சுற்றுமடலே சொல்லியிருக்கிறது. இடமும் அதிலேயே இருக்கிறது: வாசக மேடைக்கு அருகில், அல்லது பீடத்துக்கு அருகில். பெந்தகோஸ்து வரை முக்கியமான வழிபாடுகளிலாவது அது எரிய வேண்டும். அதற்குப் பிறகு திருமுழுக்குத் தொட்டிக்கு அருகே மரியாதையோடு வைக்க வேண்டும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது கையில் தரும் திரியை அதிலிருந்துதான் ஏற்றுகிறோம். கடைசியில் நம்மைப் பெட்டியில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுவரும்போது பக்கத்தில் நிற்பதும் அதுதான். அதைத்தான் துடைப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள்.

தூக்கியதில் இன்னொரு கேடும் இருக்கிறது. காலைப் பூசைக்கு எரிந்த திரியில் உச்சிக் குழிக்குள் உருகிய மெழுகு நிற்கும். அது இறுகுவதற்குள் அசைத்தால் ஒரு பக்கம் வழிந்து விளிம்பு உடையும். அல்லது திரும்பி வந்து திரிநூலை மூழ்கடிக்கும். அடுத்த முறை ஏற்றினால் சுடர் எழும்பாமல் புகைந்து அணையும். அப்புறம் "சரியில்லாத திரியை வாங்கிட்டாங்க" என்று பங்குப் பேரவையைத் திட்டுவார்கள். மதுரை வெயிலைச் சொல்லவே வேண்டாம். சித்திரையில் ஜன்னல் வெயில் படும் இடத்தில் நிறுத்தினால், ஏற்றாத திரிகூட மெல்ல இளகி ஒரு பக்கம் சாயும். ஃபேன் காற்று படும் இடத்தில் நிறுத்தினால் ஒரு பக்கமாகவே உருகிப் பள்ளம் விழும். ஐம்பது நாள் ஒழுங்காக எரிய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஏற்றுவதற்கு முன் திரிநூலை அரை சென்டிமீட்டர் அளவுக்குக் கத்தரிக்க வேண்டும். விளிம்பு உயர்ந்துவிட்டால் சூடு இருக்கும்போதே விரலால் உள்பக்கம் மடக்கிவிட வேண்டும். வாயால் ஊதாமல் மூடி போட்டு அணைக்க வேண்டும். ஊதினால் மெழுகு தெறித்துப் பீட விரிப்பில் கறை படியும். இவ்வளவையும் யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தவர் அந்தக் கோயில்பிள்ளைதான்.

திருமணங்கள் இப்போது குவிவதற்குக் காரணம் எல்லாருக்கும் தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நாம் கல்யாணம் வைப்பதில்லை. அதனால் காத்திருந்த வீடுகள் எல்லாம் பாஸ்கா ஞாயிறு முடிந்த கையோடு தேதி கேட்கின்றன. தவறே இல்லை, இது மகிழ்ச்சியின் காலம். பாஸ்கா எண்கிழமைக்குள்ளேயும் (முதல் எட்டு நாளிலும்) திருமணம் நடத்தலாம். ஆனால் அந்த எட்டு நாளும் திருமணத்துக்கான தனித் திருப்பலி செபங்களைச் சொல்ல முடியாது, அன்றைய நாளுக்கான திருப்பலிதான். அதாவது நம் வீட்டு விசேஷத்தை உயிர்ப்பு விழாவுக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். நாம் நடந்துகொண்டதோ தலைகீழாக இருக்கிறது.

திரி வீடியோவை மறைக்கிறதா? மறைக்காமல் வைக்க முடியும். மணமக்கள் நாற்காலியைப் பீடத்துக்கு நேர் நடுவில் போடாமல், வாசக மேடைக்கு எதிர்ப்பக்கம் இரண்டடி தள்ளிப் போட்டால் போதும். கேமராக்காரர் நடுப்பாதையை விட்டு ஓரத் தூணுக்கு வந்தால் மணமக்கள், பீடம், திரி மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும். அலங்காரம் வேண்டுமா, திரித்தண்டுக்கே செய்யுங்கள். இந்த மாதம் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கு மல்லி வரத்து கூடுதலாக இருக்கும். தண்டைச் சுற்றி நான்கு முழம் சரம் சுற்றினால் போதும், எந்தப் பிளாஸ்டிக் வளைவும் அதற்கு ஈடாகாது. சுடருக்கு ஒரு முழம் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். நெட் துணி மட்டும் பக்கத்தில் வேண்டாம், பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும். இதை முதல் நாளே அலங்காரக்காரரிடம் ஒருவர் சொல்லியிருந்தால் இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது.

"பொருள்தானே, விசுவாசம் மனசுல இருந்தாப் போதாதா?" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்று அதே பீடத்துக்கு முன் மந்திரித்துக் கட்டிய தாலியும் பொருள்தான். வீடியோவில் மறைக்கிறது என்று யாராவது அதைக் கழற்றி ஓரமாக வைக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கோயில் என்ன ஆகியிருக்கும்? நெற்றியில் பூசும் தீர்த்தம் பொருள், நாம் வாங்கும் நன்மை, அதாவது நற்கருணைகூட அப்பத்தின் வடிவில்தான் வருகிறது. பொருள் வழியாகத்தான் ஆண்டவர் நம்மிடம் வருகிறார் என்பது கத்தோலிக்க விசுவாசத்தின் அடிப்படை. உயிர்த்த ஆண்டவரே காயத்தைத் தொட்டுப் பார் என்று தோமாவிடம் சொன்னார். கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, சீடர்களுக்குச் சாப்பாடு போட்டார். மனதில் இருந்தால் போதும் என்று அவர் விட்டுவிடவில்லை.

"ஃபாதரே ஒண்ணும் சொல்லல, ஒங்களுக்கு என்ன?" இதற்கு நீளமாகப் பதில் சொல்லப் போவதில்லை. ஏப்ரல், மே மாதத்தில் ஒரு பங்குச் சாமியாருக்குத் திருமணங்கள், புதுநன்மை வகுப்பு, வீடு மந்திரிப்பு என்று மூச்சு விட நேரமிருக்காது. எல்லாவற்றையும் அவர்தான் பார்க்க வேண்டும் என்றால் நாம் எதற்கு?

"பழைய காலத்து ஆளுங்க, எதுக்கெடுத்தாலும் குறை" என்றும் குழுவில் ஒருவர் எழுதினார். படித்து மனசு கனத்தது. தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு பிடித்து, வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு இடமில்லாமல் வாசலில் நின்று செபித்தவர்கள்தானே நாம் எல்லாரும். நாற்பது நாள் துக்கத்துக்கு அவ்வளவு கூட்டம் வந்தது. ஐம்பது நாள் மகிழ்ச்சிக்கு ஏன் வரவில்லை என்றுதான் கேட்கிறோம். இதில் எது பழையது, எது புதியது?

வீட்டிலும் இதே கதைதான். பெரிய சனி இரவு பாட்டிலில் பிடித்து வந்த தீர்த்தம் ஃபிரிட்ஜ் மேல் கிடக்கும். பாதி வீடுகளில் வெயில் பட்டுப் பாசி பிடித்த பிறகுதான் நினைவு வரும். சுத்தமான கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் நிழலில் வையுங்கள். காலையில் பிள்ளைகள் வெளியே கிளம்பும்போது விரலில் தொட்டுச் சிலுவை போட்டு அனுப்புங்கள். கெட்டுப்போனால் சாக்கடையில் ஊற்றாமல் செடிக்கு ஊற்றுங்கள். மூவேளை செபத்துக்கு இப்போது "ஆண்டவருடைய தூதர்" கிடையாது, பெந்தகோஸ்து வரை "விண்ணக அரசியே" தான். அதையும் முழங்காலில் நிற்காமல் எழுந்து நின்று சொல்ல வேண்டும். அலாரம் வைத்து நண்பகல் பன்னிரண்டுக்குக் கடையிலேயே எழுந்து நின்று சொல்லலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. சிலுவைப்பாதை போலவே உயிர்ப்பு முதல் தூய ஆவியார் வருகை வரை பதினான்கு நிலைகளோடு ஒளியின் பாதை என்று ஒன்று இருக்கிறது. அன்பியத்துக்கு ஒரு மாலை அதை வையுங்கள். எண்கிழமை வெள்ளிக்குத்தான் சுத்தபோசனம் (இறைச்சி தவிர்ப்பது) கிடையாது, அடுத்து வரும் வெள்ளிகளில் தவ முயற்சி உண்டு. ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தன (பாவ அறிக்கை) வரிசையைப் பார்த்துத் திரும்பிப் போனவர்களுக்கு ஒரு செய்தி: பாஸ்கா காலத்தில் ஒரு முறையாவது நன்மை வாங்க வேண்டும் என்ற கடமைக்கு மே 24 வரை காலம் இருக்கிறது. இப்போது வரிசையும் இல்லை. போங்கள்.

இதைவிட எனக்கு வலிக்கும் ஒன்று இருக்கிறது. தவக்கால உண்டியலைப் பெரிய வாரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம், அதோடு கை மூடிக்கொண்டது. ஆனால் பாஸ்கா காலம் முழுக்க முதல் வாசகம் விவிலியத்தின் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து. ஏப்ரல் 12 ஞாயிறு என்ன வாசித்தோம்? நம்பிக்கை கொண்டவர்கள் தங்கள் உடைமைகளை விற்றுத் தேவைக்கு ஏற்பப் பகிர்ந்துகொண்டதை. மே 3 ஞாயிறு என்ன வாசிக்கப் போகிறோம்? அன்றாடப் பந்தியில் கைம்பெண்கள் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்ற முணுமுணுப்பை, அதற்காக ஏழு பேரைத் தேர்ந்தெடுத்ததை. உயிர்ப்புக்குப் பிறகு ஆதித் திருச்சபைக்கு வந்த சண்டைகளில் ஒன்று சாப்பாட்டுப் பங்கீட்டைப் பற்றியதுதான். நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபை அரிசி கொடுக்கும் வீடுகளுக்குப் பாஸ்கா மாதம் பசிக்காதா?

சித்திரைத் திருவிழா பெரும்பாலும் பாஸ்கா காலத்துக்குள்தான் வரும். 2019-லும் 2022-லும் பெரிய வாரத்திலேயே வந்தது. இந்த ஆண்டு சித்திரா பௌர்ணமி மே 1. ஊரே வெயிலில் நடக்கும். இளையோர் இயக்கம் நீர்மோர் பந்தல் போடலாமா என்று கேட்டதற்கு, "அது அவுங்க திருவிழா, நமக்கு எதுக்கு" என்றாராம் ஒரு பெரியவர். தாகமாய் இருந்தேன் என்று சொன்ன ஆண்டவர், எந்தத் திருவிழாவுக்குப் போகும் வழியில் தாகம் எடுத்தது என்று சொல்லவில்லையே. போடுங்கள் தம்பிகளா. பத்து லிட்டர் தயிருக்கு நாற்பது லிட்டர் தண்ணீர், 350 கிராம் உப்பு. இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை தட்டிப் போட்டால் 200 மில்லி டம்ளரில் 250 பேருக்கு வரும். மொத்தத்தையும் காலையிலேயே கரைக்காதீர்கள், பதினோரு மணிக்குள் புளித்துவிடும். தயிரைத் தனியே வைத்துப் பத்து லிட்டராகக் கரையுங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் பாரை உடைத்துப் போடாதீர்கள், அது குடிப்பதற்கான தண்ணீரில் செய்தது இல்லை. மண்பானையில் ஊற்றி ஈரச்சாக்கு சுற்றினாலே குளிர்ச்சி கிடைக்கும்.

அதே மே 1 தொழிலாளரான புனித சூசையப்பர் நாள். 1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் ஏற்படுத்தியது. அன்றைக்குப் பாட்டும் மாலையும் சூசையப்பர் சுரூபத்துக்கு. சரி. கோயில்பிள்ளைக்கு? பூவுக்கும் வளைவுக்கும் செலவழித்த வீட்டார் அவர் கையில் வைத்தது என்ன என்று நான் கேட்கவில்லை. பங்குப் பேரவை கேட்க வேண்டும். அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, வாரத்தில் ஒரு நாளாவது விடுமுறை இருக்கிறதா, ஆஸ்பத்திரிச் செலவுக்கு யார் பொறுப்பு என்று அடுத்த கூட்டத்திலேயே பேச வேண்டும். திருமணப் பதிவுக்குக் கட்டும் தொகையில் அவருக்கு ஒரு பங்கு என்று எழுத்திலேயே முடிவு செய்யுங்கள், கல்யாண வீட்டார் மனசுப்படி விடாதீர்கள்.

உயிர்த்த ஆண்டவர் பூட்டிய வீட்டுக்குள் வந்து முதலில் சொன்னது "உங்களுக்கு அமைதி உரித்தாகுக" என்பதுதான். தன்னை விட்டு ஓடியவர்களிடம் சொன்னார். நம்மால் இருபது வருடமாக விளக்கேற்றும் ஒரு மனிதரிடம் சொல்ல முடியவில்லை. அன்று அத்தனை பேர் முன்னால் கடிந்து பேசியவர்களில் ஒருவராவது அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கட்டும். காலைப் பூசைக்குக் கதவு திறக்க ஐந்து மணிக்கே அவர் வந்துவிடுவார்.